ஐந்தாம் படியில் ஆதிரை

ஒன்பது வயதில் ஆதிரை முதன்முதலாகப் பேசப் போகிறாள் என்பதற்காகத் தலைமையாசிரியர் கிருபாகரன் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தார். பெண்ணின் அம்மா கவுசல்யா நூற்பாலையில் ஷிப்டு மாற்றிக்கொண்டு, கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொளப்பாறைப்புதூர் தொடக்கப் பள்ளியில், பேசாத பிள்ளைகளுக்கான துணை வகுப்பறையில் நிற்க இடமில்லை. நடுவில் நின்றவள் சிறப்பாசிரியை நிரஞ்சனா. குழந்தையின் நெற்றியில் மொழிப்பட்டையைக் கட்டும் உரிமை அவளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாலு வருடமாக அந்தக் குழந்தைக்கு மூக்குத் துடைத்து, கால் கழுவி, ஸ்பூன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் அவள்தானே.

மொழிப்பட்டை பார்வைக்கு ஒன்றுமில்லை. இரண்டு விரல் அகலத்தில் ஒரு துணிப் பட்டை, கழுத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு ஒலிப்பான். மனதில் சொல்லாகத் திரண்டு, நாக்குக்கு வரும் வழியில் மாட்டிக்கொள்வதைப் பட்டை பிடித்து ஒலிப்பானுக்குக் கொடுக்கும். பேச முடியாதவர்களுக்காகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் பேச முடிந்தவர்களின் வாய் எவ்வளவு பொய் சொல்லும் என்பது உலகத்துக்கே தெரிந்த சங்கதி அல்லவா? ஐந்தாறு வருடத்துக்குள் நீதிமன்றம், பத்திரப் பதிவு, பெண் பார்க்கிற சடங்கு வரைக்கும் பட்டை ஏறிவிட்டது. ஒரு பேச்சு பதிவில் ஏற வேண்டுமென்றால் அது பட்டை வழியாகத்தான் வரவேண்டும். வாய் சாப்பிடுவதற்கும் ஊர்வம்புக்கும் மட்டும் மிச்சமிருந்தது. பேசாத பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பட்டை கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. தன்சொல் சட்டம் என்று பெயர். பட்டை சொல்வதே அந்த மனிதரின் சொல். அழுகை, சைகை, முகக்குறி ஆகியவற்றை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதை மறுக்கவோ மாற்றவோ கூடாது. நல்ல சட்டம்தான். பேசாத பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பேசிவந்த கொடுமையை அது நிறுத்தியது. அந்தச் சட்டம் வேண்டுமென்று மேடை மேடையாக ஏறித் தொண்டை கட்டிப்போகிற வரை பேசியவர்களில் நிரஞ்சனாவும் ஒருத்தி. “இந்தப் புள்ளைங்களுக்காக நாம பேசினது போதும். இனி அவங்க பேசட்டும், நாம கேப்போம்” என்று அவள் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

இன்றைக்குக் கேட்கத்தான் போகிறாள்.

பட்டையைக் கட்டினாள். ஆதிரை வழக்கம்போல ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். ஒலிப்பானில் ஒரு கரகரப்பு. பிறகு தெளிவான ஒரு சிறுமியின் குரல் வந்தது.

“இந்த டீச்சர் கையில அடிக்கிற ரோசாப்பூ வாடை கொமட்டுது. என்னைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க.”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். குழந்தையின் விரல்களைப் பிடித்துவிடும்போது தன் கை சொரசொரப்பாக இருக்கக் கூடாது என்று நிரஞ்சனா பார்த்துப் பார்த்து வாங்கிப் பூசிய களிம்பு அது.

“அப்பறம் அந்த அணில் பாட்டு. தெனமும் காலையில பாடறாங்களே, காதுக்குள்ள எறும்பு விட்ட மாதிரி இருக்கு. நிறுத்தச் சொல்லித்தான் கத்துனேன். நான் கத்தக் கத்த இன்னும் சத்தமாப் பாடுனாங்க.”

அணில் பாட்டை எழுதி மெட்டுப் போட்டது நிரஞ்சனாதான். அவளுக்கு மாநில விருது வாங்கிக் கொடுத்த காணொளியில் அந்தக் கத்தல் இருக்கிறது. ‘குழந்தை இசையோடு இணைகிறாள்’ என்று அடியில் எழுத்து ஓடும்.

அத்தோடு குரல் அம்மாவின் பக்கம் திரும்பியது. “அம்மா, நான் தூங்கிட்டேன்னு நெனச்சுட்டு அழுவாத. எனக்குக் கேக்குது.”

கவுசல்யா பட்டுச்சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மைசூர்பாகை யார் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் அது மேஜையிலேயே கிடந்தது.

நிரஞ்சனா கெட்டவள் இல்லை. அன்றோடு களிம்பை நிறுத்தினாள், பாட்டையும் நிறுத்தினாள். தன்னை நினைத்தே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு. ஒரு வாரம் கழித்து, இப்போது எப்படி இருக்கிறது என்று ஆதிரையிடம் ஆசையாகக் கேட்டாள்.

“இப்பத் தேவலை. ஆனா இவங்க பக்கத்துலயே நின்னு மூச்சு விட்டுட்டு இருக்காங்க. எப்பப் பாரு என் மூஞ்சியவே பாக்கறாங்க. என்னமோ நான் இவங்களுக்குத் தரவேண்டியது பாக்கி இருக்கற மாதிரி.”

அன்றைக்குத்தான் நிரஞ்சனாவுக்கு உள்ளே ஏதோ முறிந்தது. அவமானமாக இருந்தது. அவமானத்துக்கு அடியில் கோபமும் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைமேல், அதுவும் இப்படிப்பட்ட பிள்ளைமேல் கோபப்படுவதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் கோபம்தான்.

அவளுக்கு மட்டுமா? துணை வகுப்பறையில் ஆறு பிள்ளைகள். ஆறு பேரும் பட்டை கட்டியதும் பேசித் தீர்த்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர் ஜெரோம் மூன்று வருடமாக ஒரு பையனுக்குப் ‘பா, பா’ என்று உதடு பிரிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் பட்டை வழியாகச் சொன்ன முதல் வாக்கியம், “சார், உங்க எச்சி மேல தெறிக்குது” என்பது. இன்னொரு பெண் குழந்தை தலைமையாசிரியரைப் பார்த்து, இந்த மாமா யாராச்சும் பெரியவங்க வந்தால்தான் இந்த ரூமுக்கு வருவார் என்று பெரியவர்களின் முன்னாலேயே சொன்னது. சொன்னதெல்லாம் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் ஒருவராலும் பொறுக்க முடியவில்லை.

ஆசிரியர் கூட்டம் போட்டார்கள். பட்டை நிறுவனத்தின் தொழில்நுட்பர் ஒருவரை வரவழைத்தார்கள்.

“பேச்சுல கொஞ்சம் மரியாதை வேணுமுங்க. அவ்வளவுதான்” என்றார் கிருபாகரன். “புள்ளைங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா வெளிய இருந்து ஆளுங்க வர்ற எடம் பாருங்க.”

“பண்பேற்றின்னு ஒரு வசதி உள்ளயே இருக்குங்க சார். நீங்க போட்டுக்கலை” என்றார் தொழில்நுட்பர். “அஞ்சு படி. முதல் படியில வார்த்தைக்கு ‘ங்க’ சேரும். ரெண்டுல வசவு போயிரும். மூணுல குறை சொன்னா அது வேண்டுகோளா வரும். நாலுல வேண்டுகோள் பாராட்டா வரும்.”

“அஞ்சுல?”

“அஞ்சு, நட்சத்திர ஓட்டல் வரவேற்புல நிக்கறவங்களுக்காகச் செஞ்சது. என்ன வந்தாலும் நன்றியா வெளிய போகும்.”

எல்லாரும் நிரஞ்சனாவைப் பார்த்தார்கள். தன்சொல் சட்டத்துக்காக மேடையேறியவள் அவள். அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

“சொல்ல வந்த கருத்து மாறிடாதே?” என்று கேட்டாள் நிரஞ்சனா.

“கருத்து மாறாதுங்க மேடம். தொனிதான் மாறும்.”

இந்தப் பதில் பொய் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். குறை வேண்டுகோளாகி, வேண்டுகோள் பாராட்டாகி, பாராட்டு நன்றியானால் மிச்சம் என்ன கருத்து இருக்கப் போகிறது? ஆனால் ஒரு பொய்யை நிபுணர் வாயால் கேட்டுவிட்டால் மனசுக்கு ஒரு தெம்பு. நிரஞ்சனா தன் அடையாள அட்டையை, பட்டைகளை இயக்கும் கருவியில் வைத்துத் தேய்த்தாள். ஆறு பட்டைகளும் ஐந்தாம் படிக்கு ஏறின. படியை மாற்ற அவளுடைய அட்டை வேண்டும். இறக்க வேண்டுமென்றாலும் ஒரு தேய்ப்புத்தான்.

மறுநாள் காலை ஆதிரை, “வணக்கம் டீச்சர். உங்கள் அருகில் இருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது. நன்றி” என்றாள். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நிரஞ்சனா வார்த்தையை எடுத்துக்கொண்டாள், நாற்காலியை விட்டுவிட்டாள். ரோசாப்பூக் களிம்பு திரும்பி வந்தது. அணில் பாட்டும் வந்தது. ஆதிரை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் ஒலிப்பான், “எவ்வளவு இனிமையான பாட்டு” என்றது.

பட்டை வீட்டுக்கும் போகும் அல்லவா? பத்து நாள் கழித்துக் கவுசல்யா வந்து வாசலில் நின்றாள்.

“ஏனுங் டீச்சர், வீட்டுல என்னைய ‘நன்றிங்க அம்மா’ங்கறா. சோறு சூடா இருந்தாலும் நன்றி, சொக்காய் குத்துனாலும் நன்றி. முந்தி மாதிரி நாலு திட்டுத் திட்டுனாத் தேவலைங்க. திட்டுனா என்ன வேணும்னு தெரியும்.”

“அவ வளர்றா கவுசல்யா. பக்குவம் வருது.”

“பழசு மாதிரி மாத்திக் குடுக்க முடியாதுங்களா?”

“அவ என்ன சொல்றாளோ அதுதாம்மா அவ சொல்லு. நமக்குப் புடிக்கலைன்னு மாத்தக் கூடாது. சட்டம் இருக்கு.”

இதைச் சொல்லும்போது நிரஞ்சனாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

ஆறு மாதத்தில் ஐந்தாம் படியின் புகழ் பரவியது. இவ்வளவு மகிழ்ச்சியான பிள்ளைகள் மாவட்டத்திலேயே இல்லை என்று பேச்சு வந்தது. இணை இயக்குநர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தபோது கிருபாகரன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், ஜெரோம் புதுச்சட்டை எடுத்தார். நிரஞ்சனாவைச் சென்னையில் பயிற்சி நிறுவனத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும் அரசல்புரசலாகக் காதில் விழுந்தது.

இணை இயக்குநர் வந்த அன்று காலை கவுசல்யா பிள்ளையை விட வந்தவள் போகாமல் தயங்கினாள்.

“நேத்துப் பொழுதோட இருந்து ஒரு வாய் சோறு எறங்கலீங்க டீச்சர். தொட்டா ஒடம்பைச் சுருட்டிக்கறா. கேட்டா நன்றிங்கறா. கொஞ்சம் பாத்துக்கங்க.”

“ஒடம்புக்கு எதுனா செஞ்சா அவளே சொல்லுவாம்மா. நாம யூகிக்கக் கூடாது” என்றாள் நிரஞ்சனா, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே. கவுசல்யாவுக்கு ஆலைப் பேருந்து வந்துவிட்டது. ஓடினாள்.

இணை இயக்குநர் நல்ல மனிதர். குழந்தைகளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளையாக நலம் கேட்டார். ஒவ்வொன்றும் நன்றி சொன்னது. ஆதிரையின் முறை வந்தபோது அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, வலது மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சனா பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஆதிரை பசித்தால் கத்துவாள், பயந்தால் ஆடுவாள். மணிக்கட்டைக் கடித்தால் வலி. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பாஷை அது. ஒருத்தி நூற்பாலையில் இருந்தாள், இன்னொருத்தி இதோ நிற்கிறாள்.

“இந்தப் பாப்பாவுக்கு என்ன, ஒரு மாதிரி இருக்கே?” என்றார் இணை இயக்குநர்.

“ஆதிரை, உனக்கு வயிறு வலிக்குதா?” என்று கேட்டாள் நிரஞ்சனா.

“உங்கள் அன்புக்கு முன்னால் எந்த வலியும் பெரிதில்லை டீச்சர்” என்றது ஒலிப்பான். “மிக்க நன்றி.”

இணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ன புள்ளைம்மா இது! என்ன வார்த்தை!” என்றார். கிருபாகரன் மார்பு விரிய நின்றார்.

நிரஞ்சனாவின் காதில் ‘வலி’ என்ற சொல் மட்டும் தனியாக விழுந்தது. அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஒரே ஒரு தேய்ப்பு. படி இறங்கும், குழந்தை சொல்லும். ஆனால் குழந்தை அதை மட்டுமா சொல்லும்? ரோசாப்பூ வாடையைச் சொல்லும். அணில் பாட்டைச் சொல்லும். ஆறு மாதமாக இந்தக் கழுத்துப்பொத்தான் என் வாயை அடைத்து வைத்திருக்கிறது என்று சொல்லும். அதுவும் யார் முன்னால்! இவர் மட்டும் கிளம்பட்டும், அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் நிரஞ்சனா. அட்டையைத் தொட்ட கை கீழே இறங்கியது.

இணை இயக்குநருக்குச் சாப்பாடு போட்டார்கள். படம் எடுத்தார்கள். பேசிக்கொண்டே இருந்தார். அவர் வண்டி ஏறிய பிறகு நிரஞ்சனா வகுப்பறைக்கு ஓடி வந்தபோது ஆதிரை மணிக்கட்டை விட்டிருந்தாள். பாயில் சுருண்டு அமைதியாகப் படுத்திருந்தாள். முகத்தில் நிம்மதி மாதிரி ஏதோ இருந்தது. குடல்வால் வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் அப்படித்தான் வலி விட்டிருக்கும் என்பது நிரஞ்சனாவுக்கு அப்போது தெரியாது.

“பாத்தீங்களா, சரியாப் போச்சு. நல்லாத்தான் இருக்கா” என்று ஜெரோமிடம் சொன்னாள். படியை இறக்கவில்லை. இனி எதற்கு?

மறுநாள் கவுசல்யா பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் சட்டப்படி பட்டையிடம் கேட்டார். எங்கே வலிக்கிறது என்றால், “உங்கள் கை மிகவும் இதமாக இருக்கிறது டாக்டர்” என்றது. அம்மா வாயால் சொன்னதெல்லாம் யூகம். காய்ச்சல் ஏறிய பிறகுதான் வயிற்றைத் திறந்தார்கள். அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த நாள் ஆதிரை இறந்துபோனாள். கடைசியாக ஒலிப்பானில் வந்தது, எல்லாருக்கும் ஒரு நன்றி.

விசாரணை வந்தது. வராமல் இருக்குமா? பள்ளியின் துணை வகுப்பறையிலேயே மேஜை போட்டார்கள். எதிரில் கவுசல்யா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அவள் யாரையும் பார்க்கவில்லை.

நிரஞ்சனா அந்த நாட்களில் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. குற்றம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. இது அலங்காரப் பேச்சில்லை, எட்டுக் கிலோ இறங்கியிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வேலை போகட்டும், ஜெயில் கிடைக்கட்டும். கவுசல்யாவுக்கு உண்மை தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளக் கூடாது என்றுகூட நினைத்து வைத்திருந்தாள்.

“மாவட்டத்துப் பட்டை பழுதுக்குப் போயிருக்குங்க” என்றார் விசாரணை அதிகாரி. “இங்க இருக்கறதையே கட்டிக்கங்க.”

பட்டை நெற்றியில் ஏறிய பிறகுதான் நிரஞ்சனாவின் கண்ணில் பட்டது. மேஜைமேல் இருந்த கருவியின் ஓரத்தில் சின்னதாக ஐந்து என்று எரிந்தது.

“சார், இதை இறக்கணும். என் அட்டை வேணும்.”

“அட்டையெல்லாம் சாட்சியப் பொருள்ல இருக்கும்மா. கருவிக்கும் முத்திரை வெச்சாச்சு. விசாரணை முடியற வரைக்கும் எதையும் தொடக் கூடாது.” அவர் ஆறுதலாகச் சிரித்தார். “கவலைப்படாதீங்க. கருத்து மாறாது, தொனிதான் மாறும்னு கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க. சொல்லுங்க, அன்னைக்கு என்ன நடந்தது?”

எனக்குத் தெரியும் என்று நினைத்தாள் நிரஞ்சனா. ஆதிரை மணிக்கட்டைக் கடித்தாள். கடித்தால் வலி. தெரிந்தே படியை இறக்காமல் விட்டேன். என்னைப் பற்றி அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்து பிள்ளையைக் கொன்றேன்.

“ஆதிரை எங்கள் பள்ளியின் செல்லக் குழந்தை” என்றது ஒலிப்பான், அவளுடைய குரலிலேயே, அவள் என்றைக்கும் பேசியிராத நிதானத்தோடு. “கடைசி நாள் வரை அவளுக்கு அன்பான சூழல் கிடைத்தது. ஒத்துழைப்பு அளித்த அவளுடைய தாயாருக்கு மனமார்ந்த நன்றி.”

“இல்லை!” என்று வாயால் கத்தினாள் நிரஞ்சனா. “நான்தான்! எனக்குத் தெரியும் சார், நான் பாத்தேன், பாத்துட்டு சும்மா நின்னேன்!”

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. வாயால சொல்றது எதுவும் பதிவுல ஏறாது. உங்களுக்கே தெரியுமே, இந்தச் சட்டத்துக்காக நீங்க பேசின கூட்டத்துல நானும் கைதட்டியிருக்கேன்.”

பட்டையைப் பிய்க்கக் கையைத் தூக்கினாள். “கழட்டினா சாட்சியம் முடிஞ்சதுன்னு அர்த்தம். இதுவரை சொன்னதுதான் நிக்கும்” என்றார் அதிகாரி. கை அந்தரத்தில் நின்றது. மறுபடி நினைத்தாள். இன்னும் கடுமையாக, இன்னும் அசிங்கமாக, தன்னைப் பற்றி ஒரு மனுஷி நினைக்கக் கூடியதையெல்லாம் நினைத்தாள். ஒலிப்பான் தலைமையாசிரியருக்கு நன்றி சொன்னது. சக ஊழியர்களுக்கு நன்றி சொன்னது. இப்படி ஒரு குழந்தையைத் தந்த கடவுளுக்கு நன்றி சொன்னது. ஓரமாக நின்ற கிருபாகரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிரஞ்சனாவுக்கு உடம்பு குறுகியது. தூக்கிய கை எப்போது வாய்க்குப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. வலது மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

அப்போதுதான் கவுசல்யா தலையைத் தூக்கினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“என்னம்மா இது” என்று அதிகாரி பதறினார். கவுசல்யாவின் பக்கம் திரும்பி, “இவங்களுக்கு என்னமோ பண்ணுது போல இருக்கே. ஆஸ்பத்திரிக்கு ஏதாச்சும் சொல்லணுமா?” என்றார்.

“ஒடம்புக்கு எதுனா செஞ்சா அவங்களே சொல்லுவாங்க சார்” என்றாள் கவுசல்யா. “நாம யூகிக்கக் கூடாதுங்களே.”

அதிகாரிக்கும் அது சரியாகப் பட்டது. “ஏம்மா, வலிக்குதா?” என்று கேட்டார்.

“உங்கள் அன்புக்கு முன்னால் எந்த வலியும் பெரிதில்லை ஐயா” என்றது ஒலிப்பான். “மிக்க நன்றி.”

“கேட்டீங்களா, நல்லாத்தானுங்க இருக்காங்க” என்று சொல்லிவிட்டு, கவுசல்யா துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.